மார்பு எக்சு-கதிர்ப் படத்தில் நுரையீரல் முடிச்சுகளைக் கண்டறிதல்

மார்பு எக்சு-கதிர்ப் படத்தில் நுரையீரல் முடிச்சுகளைக் கண்டறிதல் கதிரியல் மருத்துவத்தின் பழமையான பணிகளுள் ஒன்றாகும். மிகுதியாகப் பிழை நேரும் பணிகளுள்ளும் இது ஒன்று. நுரையீரலினுள் ஏறத்தாழ உருண்டை வடிவில், 3 செ.மீ. விட்டத்திற்கு மேற்படாமல் தோன்றும் வெண்ணிழல் நுரையீரல் முடிச்சு எனப்படும். அதனினும் பெரியது திரள் எனப்படும். முடிச்சு என்பது ஒரு நிழலின் பெயரே தவிர நோயின் பெயரன்று. ஆறிப்போன காசநோய்த் தழும்பு, பூஞ்சைத் தொற்று, தீங்கற்ற கட்டி, நுரையீரல் புற்றுநோய், வேறோர் உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், தூசு படிவதால் உண்டாகும் தொழில்சார் நோய் ஆகிய யாவும் இவ்வடிவில் தோன்றக்கூடும்.

தவறவிடப்பட்ட முடிச்சுகளுள் பல படத்தில் இல்லாதவை அல்ல. படத்தில் இருந்தும் காணப்படாதவை. இதுவே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நடைபெறும் ஊர்களில் இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. அங்கு ஒற்றை முடிச்சைக் காணாமல் விடுவது மட்டுமன்றி, பல முடிச்சுகளைக் கண்டபின் அவற்றிற்குப் பிழையான பெயரிடுவதும் நேரக்கூடும்.

நிழல் உருவாகும் முறை

வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று எக்சு-கதிர்களைக் கண்டறிந்தார். மார்புப் படத்தின் அடிப்படை அன்று முதல் மாறவில்லை. முப்பரிமாண உடல் ஒன்றின் நிழல் ஒரு தளத்தில் விழுகிறது. தோல், தசை, விலா எலும்பு, குருதிக்குழாய், நுரையீரல், இதயம், முதுகெலும்பு என முன்பின்னாக உள்ளவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும், நீரும் திசுவும் வெண்மையாகவும் தெரியும். இக்கருமைப் பின்னணியில் வெண்முடிச்சு எளிதாகத் தெரிய வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் பின்னணி ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. விலாக்களும் குருதிக்குழாய்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இப்பின்னணியை ஆய்வாளர்கள் 'உடற்கூற்று இரைச்சல்' என்கின்றனர். சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசுவது கேளாமற் போவதுபோல முடிச்சின் மென்னிழல் இதில் அமிழ்ந்துவிடுகிறது.

நேர்முகப் படத்தில் இதயம், நடுமார்பு, உதரவிதானம் ஆகியவற்றின் நிழலால் நுரையீரலின் கனவளவில் ஏறத்தாழ 26 விழுக்காடும் பரப்பில் ஏறத்தாழ 43 விழுக்காடும் மறைக்கப்படுகின்றன என 1994 இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழே நுரையீரல் முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அதன் பின்பகுதி அவ்வளைவுக்கும் கீழே, கல்லீரலின் வெண்ணிழலுக்குள் இறங்கிச் செல்கிறது. முடிச்சுகள் ஒளிந்துகொள்ளும் பிற இடங்கள், காறை எலும்பும் முதல் விலாவும் குறுக்கிடும் நுரையீரல் உச்சி, பெருங்குழாய்கள் நுழையும் நுரையீரல் வேர், இதயத்தின் பின்புறம் ஆகியனவாகும். பக்கவாட்டுப் படம் ஒன்று கூடுதலாக எடுத்தால் இவற்றுள் சில வெளிப்படும். செலவு கருதிப் பல இடங்களில் அது எடுக்கப்படுவதில்லை.

அளவும் முக்கியமானது. சுண்ணம் படியாத முடிச்சு ஏறத்தாழ 1 செ.மீ. அளவை எட்டுவதற்கு முன் சாதாரணப் படத்தில் உறுதியாகத் தெரிவது அரிது. ஒரு செ.மீ. அளவுள்ள புற்றுக்கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. ஓர் உயிரணுவிலிருந்து தொடங்கினால் இது முப்பது முறை இரட்டித்ததற்குச் சமம். அதாவது, படத்தில் 'தொடக்க நிலையில்' காணப்படும் புற்று தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடந்துவிட்ட ஒன்றாகும்.

படம் எடுக்கும் முறையும் இதில் பங்குபெறுகிறது. 120 முதல் 140 கிலோவோல்ட் வரையிலான உயர் மின்னழுத்தத்தில் எடுத்தால் விலா எலும்புகளின் வெண்மை குறைந்து அவற்றின் பின்னுள்ள நுரையீரல் தெரியும். ஆற்றல் குறைந்த சிறு கருவிகளில் விலாக்கள் பளிச்செனத் தெரிவதால் படம் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். முடிச்சைத் தேடுவோர்க்கு அத்தெளிவு இடையூறே ஆகும். மூச்சை முழுமையாக இழுத்து நிறுத்தாத நோயாளியின் படத்தில் கீழ்ப்பகுதிக் குழாய்கள் நெருங்கித் திரண்டு மேலும் குழப்பும்.

பார்ப்பவரின் பிழை

படம் படிப்பதில் நேரும் பிழைகள் முதன்முதலில் அளந்து அறியப்பட்டது காசநோய்க்கான மக்கள்திரள் ஆய்வுகளிலேயே ஆகும். 1940களில் அமெரிக்காவில், சிறு படச்சுருளா பெரிய படமா எது சிறந்தது என அறிய ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. அதில் கருவிகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிடப் படித்த மருத்துவர்களுக்கிடையே இருந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. சான்பிரான்சிசுகோவைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் எல். ஹென்றி கார்லண்ட் 1949 இல் இவற்றைத் தொகுத்து எழுதினார். நோய்க்குறி உள்ள படங்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தேர்ந்த மருத்துவர்களும் தவறவிட்டனர். ஒருவர் படித்ததை இன்னொருவர் மூன்றில் ஒரு பங்கு படங்களில் மறுத்தார். ஒரே மருத்துவர் அதே படத்தை மறுமுறை படித்தபோது ஐந்தில் ஒரு பங்கில் தம் முடிவையே மாற்றினார். துறையினர் இம்முடிவுகளை விரும்பி ஏற்கவில்லை என்பது வியப்பன்று.

இதற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு மறைமுகச் சான்று உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பேராய்வில் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு மார்புப் படம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு படமும் இருவரால் தனித்தனியே படிக்கப்பட்டது. ஒருவர் கண்ணை மட்டும் நம்பலாகாது என்பது அக்காலத்திலேயே நடைமுறையாகிவிட்டது. ஆய்வுகளுக்கு வெளியே, அன்றாட மருத்துவமனைப் பணியில், இவ்விருவர் முறை பின்பற்றப்படுவது அரிது.

பிழை எங்கே நேர்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ஹெரால்டு குண்டெல், கால்வின் நோடைன் ஆகியோர் விழியசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். 1978 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, தவறவிடப்பட்ட முடிச்சுகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டின் அருகில் பார்வை செல்லவே இல்லை. 25 விழுக்காட்டில் பார்வை சென்றும் முடிச்சு அடையாளம் காணப்படவில்லை. எஞ்சிய 45 விழுக்காட்டில் மருத்துவரின் விழி அவ்விடத்தில் போதிய நேரம் தங்கியிருந்தது. அவ்வாறு தங்கியபின் அது ஒன்றுமில்லை என அவர் முடிவு செய்திருந்தார். கூர்ந்து பார்த்தல் மட்டுமே இப்பிழைக்கு மருந்தாகாது என்பதை இது காட்டுகிறது. இதே இருவர் 1975 இல் செய்த வேறோர் ஆய்வில், படத்தை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே காட்டியபோதும் தேர்ந்த மருத்துவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காட்டு நோய்க்குறிகளைச் சரியாகக் கூறினர். தேர்ந்த கண், தேடுவதற்கு முன்பே படத்தை முழுமையாக ஒருமுறை உள்வாங்கிவிடுகிறது. அந்த முதற்பார்வை பிழைபட்டால் பின்னர் வரும் தேடலும் அதன் வழியே செல்லக்கூடும்.

இன்னொரு பிழை 'தேடல் நிறைவு' எனப்படும். ஒரு குறையைக் கண்டவுடன் மனம் நிறைவடைந்து அடுத்ததைத் தேடாமல் விடுவது இது. விலா முறிவைக் கண்டவர் அதன் அருகில் உள்ள முடிச்சைக் காணாமல் விடுவார். 2013 இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், முடிச்சுகளைத் தேடுமாறு 24 கதிரியல் மருத்துவர்களிடம் சி.டி. படங்கள் தரப்பட்டன. அவற்றுள் ஒரு கொரில்லாவின் உருவம் செருகப்பட்டிருந்தது. வழக்கமான முடிச்சைவிட 48 மடங்கு பெரிதாக இருந்தும் 20 பேர் அதைக் காணவில்லை. விழிப்பதிவில் அவர்களுள் பெரும்பாலோரின் பார்வை அவ்வுருவத்தின் மீதே சென்றிருந்தது தெரியவந்தது. இதைச் சிரிப்புக்குரிய செய்தியாகப் பலர் எடுத்துக்காட்டுவர். முடிச்சைத் தேடுமாறு பழக்கப்பட்ட கண் முடிச்சல்லாததைக் கழித்துவிடும் என்பதே அதன் பொருள்.

மேயோ மருத்துவ நிலையத்தில், மிகுதியாகப் புகைபிடிப்போருக்கு நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மார்புப் படம் எடுக்கும் திட்டம் 1970களில் நடைபெற்றது. அதில் கண்டறியப்பட்ட, நுரையீரலின் வெளிப்பகுதியில் அமைந்த 50 புற்றுகளுள் 45, முந்தைய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது அங்கேயே இருந்தன. சில பல மாதங்களுக்கு முன்பும், சில ஆண்டுகளுக்கு முன்பும் தெரிந்தன. விடை தெரிந்தபின் பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்பதால் இவை அனைத்தையும் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் முறையாகாது. ஆனால் அந்நோயாளிகள் அறுவைக்கு உகந்த காலத்தை இழந்திருக்கக் கூடும் என்பதும் உண்மை.

முடிச்சுபோல் தோன்றுபவை

தவறவிடுதலுக்கு எதிர்ப்பிழை, இல்லாத முடிச்சைக் காணுதல். முலைக்காம்பின் நிழல் இதற்குப் பெயர்பெற்றது. ஐயம் எழுந்தால் காம்பின்மேல் சிறு உலோகக் குறி ஒட்டி மறுபடம் எடுப்பர். தோலில் உள்ள மரு, ஆறிய விலா முறிவு, முதல் விலாவின் குருத்தெலும்பில் படிந்த சுண்ணம், நேர் எதிரே நோக்கி வரும் குருதிக்குழாயின் வட்ட முனை ஆகியவையும் ஏமாற்றும். குழாய் முனையாயின் அதன் அருகில் அதே பருமனுள்ள மூச்சுக்கிளைக் குழாய் ஒரு சிறு வளையமாகத் தெரியும்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அணிகலன்களும் ஆடையும் தனிச் சிக்கலாகும். தாலிச்சரடும் அதில் கோத்து வைக்கும் ஊக்கும் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. மெழுகோ துணியோ சுற்றிய தாயத்து அத்தகையதன்று. முன்புறம் தொங்கவிட்ட பின்னல் நுரையீரல் உச்சியின்மீது படிந்தால் காசநோய்த் தழும்புபோல் தோன்றும். தாலியைக் கழற்ற மறுப்போரிடம் அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடச் சொல்லிப் படமெடுப்பது பரவலான வழக்கம். அவ்வாறு செய்தால் அதன் நிழல் உச்சிப்பகுதிக்கு, அதாவது முடிச்சுகள் மிகுதியாகத் தவறவிடப்படும் இடத்திற்கே இடம்பெயரும். வாயில் கவ்விக்கொள்ளச் சொல்வது இதனினும் மேலானது.

விருத்தாசலமும் பீங்கான் தூசும்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பீங்கான் பொருட்களால் அறியப்படும் ஊராகும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் அண்மையில் இருப்பது இத்தொழிலுக்குத் துணையாயிற்று. பியூசு கட்டைகள், பொம்மைகள், அகல் விளக்குகள் முதலியன இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் செய்யப்படுகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இந்நகரில் உண்டு. நல்லூர் ஊராட்சி ஒன்றியம் இதனை அடுத்துள்ள ஊரகப் பகுதியாகும்.

பீங்கான் கலவையில் வெண்களிமண்ணுடன் குவார்ட்சு, பெல்சுபார் ஆகிய கற்பொடிகள் சேர்க்கப்படுகின்றன. குவார்ட்சு என்பது படிக வடிவச் சிலிக்கா ஆகும். களிமண் கூழாக இருக்கும்வரை தூசு எழாது. கல்லை அரைத்தல், உலர்ந்த பொடியைக் கலத்தல், அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொருளின் விளிம்பையும் பொருத்துவாயையும் சுரண்டிச் சீராக்குதல், பணி முடிந்தபின் தரையை உலர்நிலையில் பெருக்குதல் ஆகியவற்றிலேயே தீங்கு மிகுதி. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஐந்து மைக்ரோமீட்டருக்கும் குறைந்த, கண்ணுக்குத் தெரியாத தூசே காற்றுநுண்ணறைகளை அடைகிறது. அங்கு அதை விழுங்கும் காப்பு உயிரணுக்கள் தாமே அழிந்து, அழற்சியையும் தழும்பையும் தோற்றுவிக்கின்றன. இவ்வாறு உண்டாகும் நோய் சிலிக்கோசிசு எனப்படும். இங்கிலாந்தின் குயவர் நகரமான சுடோக்-ஆன்-டிரெண்டில் இது 'குயவர் அழுகல்' என்ற பெயரால் வழங்கிற்று. இந்தியாவில் சிறு பீங்கான் தொழிற்கூடங்களின் தூசு, சிலிக்கோசிசு, காசநோய் ஆகியவற்றைக் குறித்து அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் 1995 இல் ஆய்வு வெளியிட்டுள்ளனர்.

சிலிக்கோசிசு முடிச்சுகள் சிறியவை, பல. பெரும்பாலும் நுரையீரலின் மேற்பாதியில் இருபுறமும் பரவியிருக்கும். வழக்கமாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தூசில் பணியாற்றிய பின்னரே படத்தில் தோன்றும். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் கண்ணில் படாது. படம் முழுவதும் மணல் தூவியதுபோன்ற ஒரு தோற்றமே முதலில் புலப்படும். படத்தைச் சற்று வெளுப்பாக எடுத்தால் நலமுடைய நுரையீரலிலும் இத்தோற்றம் வரும். கருமையாக எடுத்தால் நோயுள்ள நுரையீரலிலும் மறையும்.

இதற்கெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஒரு வகைப்பாட்டை வகுத்துள்ளது. 1930 இல் யோகானசுபர்க் மாநாட்டில் தொடங்கிய இம்முயற்சி பன்முறை திருத்தப்பட்டு, 2011 முதல் எண்ணிமப் படங்களையும் ஏற்கிறது. உருண்டையான சிறுநிழல்கள் 1.5 மி.மீ. வரை, 3 மி.மீ. வரை, 10 மி.மீ. வரை என மூன்று அளவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. நிழல்களின் அடர்த்தி பன்னிரு படிகளில் குறிக்கப்படும். படிப்பவர் தம் நினைவையன்றி, அமைப்பு வெளியிட்டுள்ள மாதிரிப் படங்களை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். '0/1' என்பது நோயில்லை எனக் கருதப்பட்டாலும் ஐயத்திற்கு இடமுண்டு எனவும், '1/0' என்பது நோயுண்டு எனக் கருதப்பட்டாலும் ஐயத்திற்கு இடமுண்டு எனவும் பொருள்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோடு முடியளவானது. ஆனால் நோயுள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவினை பெரும்பாலும் அக்கோட்டிலேயே செய்யப்படுகிறது.

பெயரின் விளைவு

மேற்பகுதி நிழல், நாட்பட்ட இருமல், எடைக்குறைவு ஆகிய மூன்றும் இந்தியாவில் முதலில் காசநோயையே நினைவூட்டுகின்றன. அவ்வாறு நினைப்பது தவறன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், உறுதி செய்யப்பட்ட நோயாளிகளுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டோர் மார்புப் படம் எடுக்கப்படாதிருந்தால் தவறவிடப்பட்டிருப்பர் எனத் தெரிந்தது. தவறு, அதோடு நின்றுவிடுவதில் உள்ளது. சளியில் கிருமி காணப்படாத ஒருவருக்குப் படத்தை மட்டும் வைத்து மீண்டும் மீண்டும் காசநோய் மருந்து தரப்படும். நிழல் மாறாது. அவர் அதே பட்டறைக்குத் திரும்புவார். சிலிக்கோசிசுக்கு நோய்நீக்கும் மருந்து இல்லை. மேலும் தூசில் இருத்தலைத் தவிர்ப்பதே செய்யக்கூடியது. எனவே இங்குப் பெயர் மாறினால் மருந்து மட்டுமன்றிப் பிழைப்பும் மாறுகிறது.

இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. சிலிக்காத் தூசு காப்பு உயிரணுக்களைக் கெடுப்பதால் காசநோய்க்கான வாய்ப்பு பன்மடங்காகிறது. முடிச்சுகள் ஒன்றுசேர்ந்து பெருந்திரளாகும்போது அது காசநோயா, முற்றிய சிலிக்கோசிசா, புற்றா எனப் படத்தால் மட்டும் கூறவியலாது. படிகச் சிலிக்காவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997 இல் மனிதரில் புற்று உண்டாக்கும் பொருட்களின் முதற்பிரிவில் சேர்த்தது. நூறு சிறு முடிச்சுகளுக்கிடையே நூற்றொன்றாவதாக ஒரு புற்று முடிச்சு வளர்வதைக் கண்டறிவதே இத்துறையின் மிகக் கடினமான பணி எனலாம். தேடல் நிறைவுப் பிழைக்கு இதனினும் உகந்த களம் இல்லை.

1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிசை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் வைத்து, அதைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. 2025 நவம்பரில் இச்சட்டத்திற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இந்நோய் உள்ளது. 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், சிலிக்கோசிசு காரணமாக அமைந்த காசநோயையும் இழப்பீட்டுக்குரியதாகச் சேர்த்திருந்தது. ஆனால் 'காசநோய்' என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டைக் கொண்டு எவரும் இழப்பீடு கோர இயலாது. 'என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாக' என்ற கேள்வி படம் எடுப்பதற்கு முன் கேட்கப்பட்டு, விடை படக்கோரிக்கைச் சீட்டில் எழுதப்பட்டால் படிப்பவரின் கணிப்பே மாறிவிடும். கட்டணமில்லாத இவ்வொரு வரி பெரும்பாலான சீட்டுகளில் காணப்படுவதில்லை.

பழைய படங்கள்

ஒரு முடிச்சைப் பற்றிய மிகப் பயனுள்ள செய்தி பெரும்பாலும் அதன் பழைய படத்திலேயே உள்ளது. திண்மையான முடிச்சு இரண்டாண்டுகள் அளவு மாறாதிருந்தால் அது தீங்கற்றது எனக் கொள்வது வழக்கம். நடுவில் திரண்டோ அடுக்கடுக்காகவோ சோளப்பொரிபோன்றோ சுண்ணம் படிந்திருப்பதும் தீங்கின்மையின் அடையாளமாகும்.

இந்தியாவில் படங்கள் நோயாளியிடமே கொடுத்தனுப்பப்படுகின்றன. இதனால் மருத்துவமனையில் பதிவு இருக்காது என்பது குறை. இருபது ஆண்டுக்கு முந்தைய படமும் பரண்மேல் பெட்டியில் கிடைக்கக்கூடும் என்பது நிறை. மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும், ஓரம் பழுப்பேறினாலும் அவை பயன்படும். மருத்துவரிடம் செல்லும்போது புதிய படத்தை மட்டும் எடுத்துச் செல்லும் வழக்கமே இதைக் கெடுக்கிறது. எண்ணிமப் படங்கள் வந்தபின் தாளில் அச்சிட்டுத் தருவதும், திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புவதும் பரவியுள்ளன. விலா முறிவைக் காண அவை போதுமானவையாக இருக்கலாம். மென்முடிச்சுக்கு அவை போதா.

கணினியும் சி.டி.யும்

முடிச்சுகளைக் கணினியால் குறித்துக்காட்டும் முயற்சிகள் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் குழுவினரால் 1980களில் வளர்க்கப்பட்டன. மார்புப் படத்திற்கான முதல் வணிக மென்பொருளுக்கு அமெரிக்க அரசு 2001 இல் ஒப்புதல் அளித்தது. அக்கால மென்பொருள்கள் ஒரு படத்தில் பல பொய்க்குறிகளைக் காட்டியதால் மருத்துவர்கள் மெய்யான குறியையும் சேர்த்து ஒதுக்கினர். ஆழ்கற்றல் முறை வந்தபின் நிலை மேம்பட்டது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் காசநோய்த் தேடலில் மருத்துவருக்கு மாற்றாக இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என உலக நலவாழ்வு அமைப்பு 2021 இல் பரிந்துரைத்தது. 2016 இல் மும்பையில் தொடங்கப்பட்ட கியூர் நிறுவனத்தின் மென்பொருள் இவ்வகையில் பல நாடுகளில் பயன்படுகிறது. ஆயினும் மென்பொருளும் எதைத் தேடப் பழக்கப்பட்டதோ அதையே காணும். காசநோய்க்கெனப் பழக்கப்பட்ட ஒன்று பீங்கான் தொழிலாளியின் மேற்பகுதி நிழலைக் காசநோய் எனக் குறித்தால் அது மருத்துவரின் பழைய பிழையை விரைவாகச் செய்வதாகவே அமையும். தொழில் என்ன என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

சி.டி. படம் நுரையீரலைத் துண்டுதுண்டாகக் காட்டுவதால் மேற்சொன்ன மறைவிடங்கள் பலவும் அதில் இல்லை. 2011 இல் வெளியான அமெரிக்கப் பேராய்வில், மிகுதியாகப் புகைபிடித்தோருக்குக் குறைந்த கதிரளவு சி.டி. எடுத்தபோது நுரையீரல் புற்று இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், ஆண்டுதோறும் சாதாரண மார்புப் படம் எடுத்தோரின் நுரையீரல் புற்று இறப்பு எடுக்காதோரினும் குறையவில்லை. இம்முடிவை இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவதில் ஒரு தடை உண்டு. ஆறிய காசநோய்த் தழும்புகள் இங்கு மலிந்திருப்பதால் சி.டி. ஏராளமான முடிச்சுகளைக் காட்டும். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. விருத்தாசலத்தைச் சேர்ந்த ஒருவருக்குச் சிதம்பரம், புதுச்சேரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எட்டும் தொலைவிலேயே உள்ளன. ஆனால் சி.டி. எடுக்க வேண்டும் என முடிவு செய்யப்படுவது, பெரும்பாலும் ஊரில் எடுத்த சாதாரண மார்புப் படத்தில் எவரேனும் ஒருவர் ஐயுற்ற பின்னரே ஆகும்.